தட்டிவானும் தமிழ்ப் பிள்ளைகளும்

ஒரு சமூகம் எதனைக் கல்வி என்று மதிக்கின்றது என்பதைக் கொண்டு அச்சமூகத்தின் எதிர்காலத்தை ஓரளவு கணித்துவிடலாம். புலம்பெயர்ந்து வாழும் எம்மவரிடையே கல்வி என்றதும் நினைவுக்கு வருபவை நூல், பரீட்சை, சான்றிதழ், பட்டம் ஆகியனவே. இவற்றின் அருமையை மறுப்பார் எவருமிலர். வீடும் வளவும் கைவிட்டுப் போனபோதும் எம்மை விட்டுப் போகாதது கற்ற கல்வி ஒன்றே என்பதை எமது தலைமுறை பட்டுணர்ந்திருக்கின்றது. ஆயினும், கல்வி கண்ணாலும் செவியாலும் மட்டும் வருவதன்று, கையாலும் வருவது என்பதை நாம் மெல்ல மெல்ல மறந்துவருகின்றோமோ என்ற ஐயம் எழுகின்றது. அந்த ஐயத்தை ஒரு பழைய வாகனத்தை முன்னிறுத்திப் பெற்றோரோடும் மாணவச் செல்வங்களோடும் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். அவ்வாகனத்தின் பெயர் தட்டிவான்.

மரத்தாலும் இரும்பாலும் ஆன எம் வண்டி

யாழ்ப்பாணக் குடாநாட்டில் பிறந்து வளர்ந்த பெற்றோருக்குத் தட்டிவானை அறிமுகஞ் செய்ய வேண்டியதில்லை. பலெர்மோவில் பிறந்த பிள்ளைகளுக்கோ அச்சொல்லே புதிதாக இருக்கலாம். செவர்லே, போர்ட், பெட்போர்ட் போன்ற பெயர் தாங்கிய பழைய வண்டிகளின் அடிச்சட்டத்தையும் இயந்திரத்தையும் சில்லுகளையும் வைத்துக்கொண்டு, அவற்றின் மேல் மரத்தினால் உடலமைத்து உருவாக்கிய வாகனமே தட்டிவான். பக்கங்கள் திறந்திருக்கும், மழை வந்தால் படங்கை இறக்கிவிடுவர். உள்ளே இருப்பதற்கு மரவாங்குகள் உண்டு. பின்புறத்தில் சங்கிலியிலே தொங்கும் பலகையொன்று கிடையாக விரிக்கப்பட்டிருக்கும். அதுவே தட்டி. வண்டிக்குப் பெயர் வந்ததும் அதனாலேதான்.

அந்தத் தட்டியின் மேல் ஏறாத பொருள் இல்லை. காய்கறிக் கூடைகள், வாழைக்குலைகள், தேங்காய்ச் சாக்குகள், சைக்கிள்கள் என ஒரு கிராமத்தின் உழைப்பு முழுவதும் அதிலே ஏறிச் சந்தைக்குச் சென்றது. சாவகச்சேரி, கொடிகாமம் ஆகிய சந்தைகளுக்கு விளைபொருளோடு சென்ற கமக்காரருக்கு இதைவிடப் பொருத்தமான வாகனம் வேறொன்றில்லை. பயணிகள் பஸ்ஸில் மூட்டைகளை ஏற்ற முடியாது. லொறியிலே ஆட்கள் இருந்து செல்ல முடியாது. இவ்விரண்டு தேவைகளுக்கும் இடையிலிருந்த வெற்றிடத்தை நிரப்புவதற்காக எம்மவர் தாமே கண்டுகொண்ட விடை தட்டிவான். கொடிகாமத்துக்கும் பருத்தித்துறைக்கும் இடையிலான வீதியில் இவ்வண்டிகளுள் எஞ்சிய சில அண்மைக்காலம் வரையில் ஓடிவந்தன.

இங்கே மாணவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். உலகின் எந்தத் தொழிற்சாலையின் விலைப்பட்டியலிலும் தட்டிவான் என்ற வாகனம் இடம்பெறவில்லை. தச்சர், கொல்லர், மெக்கானிக், வர்ணம் பூசுவோர் ஆகியோர் கூடிச் செய்த வண்டி அது. பாரம் எங்கே விழும், அச்சு எவ்வளவு தாங்கும், வில்லுத்தகடு எத்தனை வேண்டும், வளைவிலே வண்டி எவ்வளவு சரியும் என்பவற்றையெல்லாம் அவர்கள் கணித்தே ஆகவேண்டியிருந்தது. கணிப்புத் தவறினால் வண்டி வீதியோரத்தில் கிடந்திருக்கும். பல தசாப்தங்களாக அது ஓடியது என்பதே அக்கணிப்புச் சரியென்பதற்குச் சான்று. அவர்களுள் பலர் பொறியியல் என்ற சொல்லைக் கேட்டிருக்கவும் மாட்டார்கள். ஆயினும் அவர்கள் செய்தது பொறியியலே.

கடலுக்கு அப்பால் இதே வேலை

இதே வேலையை அமெரிக்காவில் செய்தவர்களுக்கு உலகம் ஒரு பெயர் சூட்டிப் புகழ் சேர்த்துவிட்டது. அதுவே ஹொட் ரொட். 1930களில் கலிபோர்னியாவின் தென்பகுதி இளைஞர்கள், மலிவாகக் கிடைத்த பழைய போர்ட் கார்களை வாங்கி, தேவையற்ற பாகங்களைக் கழற்றி எடையைக் குறைத்து, இயந்திரத்தின் வலுவைக் கூட்டி, வரண்டு கிடந்த ஏரிப்படுக்கைகளில் வேகம் பார்த்தனர். 1932ஆம் ஆண்டு போர்ட் நிறுவனம் எட்டுச் சிலிண்டர் இயந்திரத்தைச் சாதாரண மக்கள் வாங்கக்கூடிய விலையில் காரிலே பொருத்தி விற்றது. பின்னாளில் அந்த இயந்திரங்கள் பழைய வண்டிகள் உடைக்கும் இடங்களுக்கு வந்து சேர்ந்தபோது, அவற்றை எடுத்து வேறு வண்டிகளில் பொருத்துவது ஒரு கலையாகவே வளர்ந்தது. இரண்டாம் உலகப் போரிலிருந்து திரும்பிய இளைஞர் பலர் படையிலே கற்ற இயந்திர அறிவை இதிலே பயன்படுத்தினர். 1948ஆம் ஆண்டு தை மாதத்தில் இக்கலைக்கென்றே ஒரு சஞ்சிகையும் வெளிவரத் தொடங்கியது.

தட்டிவானுக்கு இன்னும் நெருங்கிய உறவு ஒன்றும் அங்கே உண்டு. அக்காலத்தில் அமெரிக்காவில் மரவுடல் கொண்ட வாகன் வண்டிகள் தொழிற்சாலைகளிலேயே செய்யப்பட்டன. மிச்சிகன் மாநிலத்தின் அயர்ன் மவுண்டன் என்னுமிடத்தில் போர்ட் நிறுவனம் தனது வாகன் வண்டிகளுக்கான மரவேலையைச் செய்தது. 1950களில் உருக்குத் தகடு மரத்தின் இடத்தைப் பிடித்துக்கொள்ளவே, அந்த மர வாகன்கள் மதிப்பிழந்து மலிவாயின. கடலலையில் சறுக்கும் இளைஞர்கள் தமது நீண்ட பலகைகளை ஏற்றிச் செல்ல அவற்றை வாங்கினர். இன்று அதே வண்டிகளைப் பழுதுபார்த்து, மரத்தை மெருகூட்டி, பழைய எட்டுச் சிலிண்டர் இயந்திரத்தைப் பொருத்தி ஓட்டுவது பெருஞ் செலவுள்ள ஒரு கலையாகிவிட்டது. அயர்ன் மவுண்டனில் மரமும் இரும்பும் சேர்ந்தன. எமது குடாநாட்டிலும் மரமும் இரும்பும் சேர்ந்தன. முன்னையது நூல்களிலும் அரும்பொருட் காட்சியகங்களிலும் பதியப்பட்டது. பின்னையது பெரும்பாலும் எமது பெற்றோரின் நினைவிலே மட்டும் வாழ்கின்றது.

நாம் வாழும் இத்தாலி நாட்டோடு தொடர்புடைய உதாரணம் ஒன்றும் உண்டு. ஏர்னஸ்ட் எல்ட்ரிட்ஜ் என்ற ஆங்கிலேயர், இயந்திரம் வெடித்துப் பயனற்றுப்போன 1908ஆம் ஆண்டு பியற் பந்தயக் கார் ஒன்றை வாங்கினார். அதன் அடிச்சட்டத்தை இலண்டன் பஸ் ஒன்றின் பாகங்களைக் கொண்டு நீட்டினார். அதிலே, முதலாம் உலகப் போர்க் காலத்து பியற் விமான இயந்திரம் ஒன்றைப் பொருத்தினார். அதன் கொள்ளளவு ஏறத்தாழ 21.7 லீற்றர், இன்று வீதியில் காணும் சிறிய கார் ஒன்றினதைப் போலப் பதினைந்து மடங்குக்கும் மேல். 1924ஆம் ஆண்டு ஆடி மாதம் 12ஆம் நாள் பிரான்சின் அர்ப்பஜோன் வீதியில் அவ்வண்டி மணிக்கு ஏறத்தாழ 235 கிலோமீற்றர் வேகத்தில் ஓடி உலக சாதனை படைத்தது. பழைய சட்டம், பஸ்ஸின் இரும்பு, விமானத்தின் இயந்திரம்: கழிவென்று மற்றவர் கருதிய மூன்றிலிருந்து உலகின் மிக வேகமான கார் பிறந்தது. மெபிஸ்டோபெலெஸ் எனப் பெயர் பெற்ற அந்தக் காரைப் பியற் நிறுவனம் பின்னர் தன்வசமாக்கிப் பாதுகாத்து வருகின்றது.

மண்ணெண்ணெயில் ஓடிய கார்கள்

கலிபோர்னிய இளைஞர் வேகத்துக்காக இயந்திரத்தைத் திறந்தனர். எமது மெக்கானிக்குகளோ உயிர் வாழ்வதற்காக இயந்திரத்தைத் திறந்தனர். 1990ஆம் ஆண்டு மீண்டும் போர் மூண்டதிலிருந்து குடாநாட்டுக்குப் பெற்றோல், டீசல், பற்றரி உட்படப் பல பொருள்கள் செல்வது தடுக்கப்பட்டது. மின்சாரமும் நின்றது. ஓரளவு கிடைத்தது மண்ணெண்ணெய் மட்டுமே. அதுவும் பெருவிலை கொடுத்து. நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்லவும், கர்ப்பிணித் தாயை நள்ளிரவில் மருத்துவிச்சியிடம் சேர்க்கவும், இறந்தவரின் உடலை வீட்டுக்குக் கொண்டுவரவும் வாகனம் வேண்டியிருந்தது. அந்நிலையில்தான் ஒஸ்ரின் ஏ-40, ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ், மொறிஸ் மைனர், மொறிஸ் ஒக்ஸ்போர்ட் ஆகிய பழைய பிரித்தானியக் கார்கள் மீண்டும் மதிப்புப் பெற்றன.

புதிய காரை விடப் பழைய கார் ஏன் உதவியது என்ற வினாவுக்கு விஞ்ஞானம் விடை தருகின்றது. பெற்றோல் எளிதில் ஆவியாகும். மண்ணெண்ணெய் அவ்வாறு ஆவியாவதில்லை. ஆகவே குளிர்ந்த இயந்திரத்தை மண்ணெண்ணெயால் முடுக்க முடியாது. மேலும், சிலிண்டரினுள் கலவை மிகுதியாக நெருக்கப்படும்போது மண்ணெண்ணெய் உரிய தருணத்துக்கு முன்பே வெடித்து இயந்திரத்தைத் தட்டத் தொடங்கிவிடும். இக்காலக் கார்களில் கலவை பத்து மடங்குக்கு மேல் நெருக்கப்படுகின்றது. ஒஸ்ரின் ஏ-40 போன்றவற்றிலோ அது ஏறத்தாழ ஏழு மடங்கே. அந்தக் குறைந்த நெருக்கமே அவற்றை மண்ணெண்ணெய்க்கு ஏற்றவையாக்கியது. பழமை அங்கே குறைபாடாக இல்லாமல் தகுதியாக அமைந்தது.

இதனை அறிந்துகொண்ட எமது மெக்கானிக்குகள், சிறு போத்தலில் பொன்போலக் காத்துவைத்த பெற்றோலில் சில துளிகளைக் காபரேற்றரில் விட்டு இயந்திரத்தை முடுக்குவர். இயந்திரம் சூடேறியதும் மண்ணெண்ணெய் அதனைத் தொடர்ந்து ஓட்டும். வெண்புகை எழும், மணம் மூக்கைத் துளைக்கும், பிளக் அடிக்கடி கரிபிடிக்கும். எரியாத மண்ணெண்ணெய் பிஸ்ரனைக் கடந்து கீழிறங்கி என்ஜின் ஒயிலை நீர்க்கச் செய்துவிடும். ஆகவே ஒயிலையும் அடிக்கடி மாற்றவேண்டும். ஆயினும் கார் ஓடியது. 1940களின் இறுதியில் பேர்குசன் உழவு இயந்திரங்களுள் ஒரு வகையை, பெற்றோலில் முடுக்கிச் சூடேறிய பின் மண்ணெண்ணெய் போன்ற எரிபொருளுக்கு மாற்றி ஓட்டும்படி பிரித்தானியத் தொழிற்சாலையொன்று வடிவமைத்தது. பொறியியலாளர் கூடம் அமைத்துக் கண்ட அதே தத்துவத்தை, எமது ஊர்ப் பட்டறைகள் தடையின் நடுவே, கைவிளக்கொளியில் நடைமுறைப்படுத்தின.

1995ஆம் ஆண்டு ஐப்பசி மாத இறுதியில் வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் தென்மராட்சி நோக்கி இடம்பெயர்ந்த வேளையில், பெரும்பாலோர் நடந்தும் சைக்கிளை உருட்டியுமே சென்றனர். நடக்க இயலாத முதியோருக்கும் நோயாளிகளுக்கும் அன்று கிடைத்த ஒரு சில வாகனங்கள், இவ்வாறு ஓடவைக்கப்பட்டவையே. 2002ஆம் ஆண்டு ஏ-9 நெடுஞ்சாலை திறக்கப்பட்ட பின் புதிய வாகனங்கள் வந்தன, பழையன ஒதுங்கின. அவற்றை ஓடவைத்த கைகளும் ஒதுங்கின. அக்கைகளுள் சில இன்று ஐரோப்பிய நகரங்களில் வீடு துடைக்கின்றன, முதியோரைப் பராமரிக்கின்றன, உணவகங்களில் பாத்திரம் கழுவுகின்றன. அவ்வேலைகள் எவையும் இழிந்தவையல்ல. ஆனால் அக்கைகளுக்கு வேறொன்றும் தெரியும் என்பதை அவர்களின் பிள்ளைகளே அறியாதிருப்பது பேரிழப்பாகும்.

சிசிலி தரும் பாடம்

நாம் வாழும் சிசிலித் தீவு இவ்விடயத்தில் எமக்கு நல்ல ஆசான். வர்ணந் தீட்டிய சிசிலி மாட்டுவண்டி என்று எம்மவர் சிலர் சொல்வதுண்டு. உண்மையில் அதனை இழுத்தவை குதிரையும் கோவேறு கழுதையும். அக்கரெத்தோ வண்டியைச் செய்வதற்கும் தச்சர், கொல்லர், செதுக்குவோர், ஓவியர் ஆகியோர் ஒன்றுசேர வேண்டியிருந்தது. அதன் பக்கப் பலகைகளில் சார்ல்மேன் மன்னனின் வீரர்களான ஓர்லாந்தோ, ரினால்தோ ஆகியோரின் போர்க்காட்சிகளும் புனிதர்களின் வரலாறுகளும் தீட்டப்பட்டன. பலெர்மோப் பகுதி வண்டிகளுக்கு மஞ்சள் நிறப் பின்னணி, கத்தானியாப் பகுதிக்குச் சிவப்பு எனப் பிரதேச வேறுபாடும் உண்டு. எமது தட்டிவானின் உடன்பிறப்பென்றே அதனைக் கூறலாம்.

மோட்டார் வாகனம் வந்ததும் கரெத்தோ மறைந்தது. ஆனால் அதன் கலை மறையவில்லை. 1948ஆம் ஆண்டு பியாஜியோ நிறுவனம் மூன்று சில்லு ஆப்பே வண்டியை வெளியிட்டது. அதனை வடிவமைத்த கொரதீனோ தஸ்கானியோ அடிப்படையில் விமானப் பொறியியலாளர். ஆப்பே என்றால் இத்தாலிய மொழியில் தேனீ. எமது அயலவர் சிசிலி மொழியில் அதனை லாப்பா என்பர். சந்தைத் தெருக்களில் மரக்கறி ஏற்றிய அதே லாப்பா, இன்று கரெத்தோவின் ஓவியங்களைத் தன் உடலில் சூடிக்கொண்டு உல்லாசப் பயணிகளை ஏற்றிச் செல்வதை நாம் நாள்தோறும் காண்கின்றோம். தமிழகத்திலும் இலங்கையிலும் ஓடும் ஓட்டோ இக்குடும்பத்தின் உறவே. பழைய கலையை அரும்பொருட் காட்சியகத்தில் பூட்டிவைத்ததோடு நில்லாமல், ஓடும் சில்லின் மேல் ஏற்றி வாழவைத்திருக்கின்றனர் சிசிலி மக்கள். தமது வண்டியைப் பற்றி அவர்கள் வெட்கப்படவில்லை.

இதே தீவில் மோட்டார்ப் பந்தய வரலாறும் உண்டு. வின்சென்சோ புளோரியோ 1906ஆம் ஆண்டு தொடக்கிவைத்த தார்கா புளோரியோ பந்தயம் மதோனியே மலைப்பாதைகளில் நடைபெற்றது. 1928ஆம் ஆண்டுப் பந்தயத்தில் செக் நாட்டுப் பெண்மணியான எலிஷ்கா யுங்கோவா ஆண்கள் பலரை முந்திச் சென்று, ஒரு கட்டத்தில் முதலிடத்திலும் நின்று, இறுதியில் ஐந்தாமிடம் பெற்றார். பலெர்மோவைச் சேர்ந்த நீனோ வக்கரெல்லா இப்பந்தயத்தில் 1965, 1971, 1975 ஆகிய ஆண்டுகளில் மும்முறை வென்றார். 1964ஆம் ஆண்டு பிரான்சின் லெ மான் பந்தயத்திலும் வென்றார். அவர் தொழிலால் யார் தெரியுமா? பாடசாலை அதிபர். பறக்கும் அதிபர் என்றே மக்கள் அவரை அழைத்தனர். 2021ஆம் ஆண்டு அவர் காலமானார். சட்டம் பயின்று, பாடசாலை நடத்தி, இயந்திரத்தையும் நேசித்த அவருக்குப் புத்தகமும் இயந்திரமும் பகையாகத் தோன்றவில்லை. எமக்கு மட்டும் ஏன் அவ்வாறு தோன்றவேண்டும்?

பதின்மூன்று வயதில் ஒரு தீர்மானம்

இவ்வளவும் பழங்கதை பேசுவதற்காகக் கூறப்பட்டவையல்ல. எமது பிள்ளைகள் தெர்சா மேதியா வகுப்பை அடையும்போது, பதின்மூன்று வயதளவில், ஒரு பெருந் தீர்மானத்தை எதிர்கொள்கின்றனர். அடுத்து லிச்சேயோவா, தொழில்நுட்ப நிறுவனமா, தொழிற்கல்வி நிறுவனமா என்பதே அது. புத்தாண்டு பிறந்து சில வாரங்களுக்குள் பதிவு செய்யவேண்டும். அந்நாள்களில் எமது வீடுகளில் நடக்கும் உரையாடலை யாவரும் அறிவோம். பிள்ளை இயந்திரவியல் படிக்க விரும்புவதாகச் சொன்னால், ஊரார் என்ன சொல்வார்கள் என்ற கேள்வி முதலில் எழுகின்றது. கராஜில் கறுத்த கையோடு நிற்கவா உன்னைப் பெற்றோம் என்ற சொல் அடுத்து எழுகின்றது. பிள்ளையின் நாட்டம் என்ன என்ற கேள்வி எழுவதேயில்லை.

பெற்றோரின் அச்சத்தில் நியாயமே இல்லை என்று கூறுவதற்கில்லை. வெளிநாட்டவர் பிள்ளைகள் என்பதனாலேயே அவர்களைத் தொழிற்கல்விப் பக்கம் திருப்பிவிடும் போக்கு இந்நாட்டில் இருக்கின்றது. அத்தகைய நிறுவனங்களில் அவர்களின் விகிதம் கூடுதலாக இருப்பதும் உண்மை. கணிதத்திலும் இலத்தீனிலும் திறமையுள்ள பிள்ளைக்கு, மொழி சற்றுத் தடுமாறியது என்பதற்காகக் குறைந்த பாதை காட்டப்பட்டால், பெற்றோர் அதனை உறுதியோடு மறுக்கவேண்டும். பிறருடைய வீட்டைத் துப்புரவு செய்து பிள்ளையைப் படிப்பிக்கும் தாய், தன் பிள்ளையாவது மேசைக்கு முன் இருந்து வேலை செய்யவேண்டும் என்று விரும்புவதிலும் குற்றமில்லை. ஆனால் பிறர் தள்ளுவதால் ஒரு பாதையில் செல்வது எவ்வளவு தவறோ, நாட்டமுள்ள பாதையை வெட்கத்தினால் அடைப்பதும் அவ்வளவு தவறே. இரண்டிலும் பிள்ளையின் ஆற்றல் கணக்கில் எடுக்கப்படவில்லை.

மேலும், பல பெற்றோர் அறியாத செய்தியொன்று உண்டு. தொழில்நுட்ப நிறுவனத்திலோ தொழிற்கல்வி நிறுவனத்திலோ ஐந்தாண்டு பயின்று மத்துரித்தா பரீட்சையில் சித்தியடைந்த மாணவர் பல்கலைக்கழகம் செல்வதற்கு உரிமையுடையவர். பொறியியல் பீடத்தின் கதவு லிச்சேயோ மாணவருக்கு மட்டும் திறப்பதன்று. பல்கலைக்கழகம் வேண்டாமெனில், இரண்டாண்டு உயர்தொழில்நுட்பக் கல்வியும் உண்டு. ஆகவே கையால் கற்பது கல்வியின் முடிவன்று. பலருக்கு அதுவே தொடக்கம். மகளுக்கும் இது பொருந்தும். இயந்திரத்துக்கு ஆண் பெண் பேதம் தெரியாது என்பதை எலிஷ்கா யுங்கோவா இதே தீவின் மலைப்பாதையில் ஒரு நூற்றாண்டுக்கு அண்மித்த காலத்துக்கு முன்பே காட்டிவிட்டார்.

எமது இனத்திலும் சான்று உண்டு. கோயம்புத்தூரைச் சேர்ந்த ஜி. டி. நாயுடு பள்ளிப் படிப்பில் நெடுந்தூரம் செல்லாதவர். இளமையில் மோட்டார்ச் சைக்கிளொன்றை வாங்கி, அதனைப் பாகம் பாகமாகக் கழற்றி மீண்டும் பூட்டியே இயந்திரத்தைக் கற்றார். 1920ஆம் ஆண்டு ஒரேயொரு பஸ்ஸோடு போக்குவரத்துத் தொழிலைத் தொடங்கிய அவர், பின்னாளில் மின்மோட்டார் முதலிய பல பொருள்களின் உற்பத்திக்கு வழிகோலினார். தொழிற்கல்வி நிறுவனமும் தோற்றுவித்தார். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்ற எமது முதுமொழியின் பொருள் ஏடு வேண்டாம் என்பதன்று. ஏட்டிலே கற்றதைத் தோட்டத்திலும் காணவேண்டும் என்பதே.

இயந்திரத்தில் நாட்டங்கொண்ட மாணவர்களுக்கும் ஒரு வார்த்தை. பழைய வண்டியொன்றுக்கு வேறு இயந்திரம் பொருத்தி வீதியில் விரைவது படத்தில் பார்ப்பதற்கு எளிது. இந்நாட்டின் வீதிச் சட்டத்தின் 78ஆம் பிரிவு, வாகனத்தின் அமைப்பை மாற்றினால் அதனை அதிகாரிகள் பரிசோதித்து ஆவணத்தில் பதியவேண்டும் என்கின்றது. தடுப்புக்கட்டை, அடிச்சட்டம், திசைதிருப்பி ஆகிய மூன்றும் புதிய வலுவைத் தாங்குமா என்று கணிக்காமல் இயந்திரத்தை மட்டும் பெரிதாக்குபவர், தம் உயிரோடு பிறர் உயிரையும் பணயம் வைக்கின்றார். தட்டிவானைச் செய்தவர்கள் அதில் தம் அயலவரையே ஏற்றினர். ஆகவே கவனமாகச் செய்தனர். வேகத்துக்கு முன் பொறுப்பு வரவேண்டும். பௌதிகமும் கணிதமும் அப்பொறுப்பின் மொழிகள்.

எமது பாடசாலை செய்யக்கூடியது

தமிழ்ப் பாடசாலைக்கும் இயந்திரத்துக்கும் என்ன தொடர்பு என்று சிலர் வினவலாம். தொடர்பு மிக நெருங்கியது. எமது பிள்ளைகள் தந்தையரோடு தமிழில் பேசுவதற்குப் பொருள் தேடுகின்றனர். சாப்பிட்டாயா, படித்தாயா என்ற இரு வினாக்களோடு பல வீடுகளில் உரையாடல் முடிந்துவிடுகின்றது. ஆனால் மண்ணெண்ணெயில் கார் எப்படி ஓடியது என்று ஒரு மகன் கேட்பானாயின், அந்தத் தந்தை ஒரு மணி நேரம் பேசுவார். அதுவும் நல்ல தமிழில் பேசுவார். சில்லு, அச்சு, வில்லுத்தகடு, படங்கு, தட்டி என்ற சொற்கள் பாடநூலில் இல்லாவிடினும் அவரின் நாவில் இருக்கின்றன. ஸ்பார்க் பிளக்கை இத்தாலியர் மெழுகுதிரி என்று பொருள்படும் கந்தேலா என்ற சொல்லால் அழைக்கின்றனர் என்பதை மகன் தந்தைக்குச் சொல்லிக் கொடுக்கலாம். இருவரும் ஒருவருக்கொருவர் ஆசிரியராகும் தருணம் அது.

ஆகவே சில யோசனைகளைப் பணிவோடு முன்வைக்கின்றேன். முதலாவது, மேல்வகுப்பு மாணவர் ஒவ்வொருவரும் தம் பெற்றோரிடமோ உறவினரிடமோ, ஊரிலே அவர்கள் கையால் செய்த தொழிலொன்றைப் பற்றிக் கேட்டுத் தமிழில் எழுதவேண்டும். இயந்திரந்தான் வேண்டுமென்பதில்லை, நெசவு, தச்சு, வலை பின்னல், சுருட்டு, பனையோலை வேலை எதுவாயினும் ஆகலாம். இரண்டாவது, அவற்றுள் சிறந்தவற்றை அடுத்த ஆண்டு மலரில் படங்களோடு வெளியிடவேண்டும். மூன்றாவது, பலெர்மோப் பல்கலைக்கழகத்தில் 2011ஆம் ஆண்டு திறக்கப்பட்ட மோட்டார்களுக்கும் பொறிமுறைகளுக்குமான வரலாற்று அரும்பொருட் காட்சியகத்துக்கு மாணவர்களை அழைத்துச் செல்லவேண்டும். வியாலே தெல்லே ஷியென்சே என்ற வளாகத்தில் அது இருக்கின்றது. நீராவிப் பொறியிலிருந்து விமான இயந்திரம் வரை பழுதுபார்த்துப் பேணப்படும் அக்கூடத்தைத் தந்தையரும் பிள்ளைகளும் ஒன்றாகக் காணவேண்டும். நான்காவது, பழுதடைந்த சிறு இயந்திரமொன்றை வாங்கி, அனுபவமுள்ள தந்தையரின் மேற்பார்வையில் மாணவர்கள் கழற்றிப் பூட்டப் பழகும் ஒரு நாளைப் பாடசாலை ஒழுங்கு செய்யலாம். அன்று வகுப்பறையில் ஆசிரியர் மாணவராக இருப்பார்.

இவற்றுக்குப் பெரும் பணம் தேவையில்லை, மனம் தேவை. பிறர் வீட்டில் வேலை செய்யும் தன் தந்தை ஒரு காலத்தில் நின்றுபோன இயந்திரத்தின் மூச்சைத் திருப்பியவர் என்று அறியும் பிள்ளை, அவரை வேறு கண்ணோடு பார்ப்பான். அக்கண்ணோட்டம் எந்தச் சான்றிதழாலும் கிடைக்காது. தட்டிவான்கள் ஒவ்வொன்றாக உக்கிப் போகலாம். மரம் உக்குவது இயற்கை. அவற்றைச் செய்த அறிவும் கூடவே உக்கிப்போக நாம் இடமளிக்கலாகாது. அவ்வறிவு இன்னமும் எமது வீடுகளில், வேலை முடிந்து களைத்து வந்து இருக்கும் கைகளில் இருக்கின்றது. அடுத்த தை மாதத்தில் பதிவுப் பத்திரம் மேசைக்கு வரும்போது, பெற்றோரே, அயலவர் முகத்தைப் பாராது பிள்ளையின் முகத்தைப் பாருங்கள். மாணவச் செல்வங்களே, உங்கள் தந்தையின் கைகளைப் பாருங்கள். அவை என்ன செய்தன என்று கேளுங்கள். கேட்டதை எழுதுங்கள்; தமிழிலே எழுதுங்கள்.